கூரைக்கு மேலே வரிசைக்கற்கள்

மேலப்பூவாணியில் கற்கள் ஆகாயத்தில் நின்றது எந்த வருஷம் என்று கேட்டால், தெருவுக்குச் சிமெண்ட் ரோடு போட்ட வருஷம் என்று பாதிப் பேர் சொல்வார்கள், ரேஷனில் பாமாயில் இரண்டு மாதம் வராமல் இருந்த வருஷம் என்று மீதிப் பேர் சொல்வார்கள், இரண்டும் ஒரே வருஷம்தானே என்று யாராவது எடுத்துச் சொன்னால் இரண்டு தரப்பும் சேர்ந்துகொண்டு அவரோடு சண்டைக்கு வரும். ஆனால் கற்கள் யார் வீட்டுக்கு மேலே நின்றன என்பதில் மட்டும் ஊரில் கருத்து வேறுபாடு கிடையாது. பீடி சுற்றுகிற செண்பகவடிவின் ஓட்டு வீட்டுக்கு மேலே, ஓட்டிலிருந்து இரண்டு ஆள் உயரம் தள்ளி, நாற்பத்து மூன்று கற்கள் நின்றன.

செண்பகவடிவுக்கு அப்போது நாற்பத்தாறு வயது. புருஷன் போய் மூன்று வருஷம் ஆகியிருந்தது, மகளைத் திருப்பூரில் கட்டிக்கொடுத்திருந்தாள். காலையில் பத்து மணிக்கு வாசல் நடையில் முறத்தை மடியில் வைத்து உட்கார்ந்தால், இலையை வெட்டி, தூளை வைத்து, சுருட்டி, தலையை மடக்கி, நூலைச் சுற்றி, சாயங்காலம் ஐந்து மணி வரைக்கும் எழுந்திருக்க மாட்டாள். பீடி சுற்றுகிற பெண்களுக்கு எதிரே ஒரு ஆள் வேண்டும், ஏனென்றால் வேலை முழுக்கக் கைக்குப் போய்விடுகிறது, வாய் சும்மா கிடக்கிறது. செண்பகவடிவுக்கு எதிரே இருபத்திரண்டு வருஷமாக உட்கார்ந்தவள் மூன்றாவது வீட்டு ஆவுடைத்தங்கம். நாலாக மடித்த ஒரு சாக்கு அவளுடைய இடம். அதில் வேறு யாரும் உட்கார்ந்ததில்லை. ஒரே ஒருமுறை ஒரு ஆடு படுத்து, அதற்கு ஆவுடை கொடுத்த ஏச்சில் ஆட்டுக்காரர் ஒரு வாரம் அந்தத் தெருப்பக்கமே வரவில்லை.

ஆவுடையிடம் எதையும் சொல்லலாம், துக்கத்தை மட்டும் சொல்லக்கூடாது. சொன்னால் அவள் சொன்னவளைவிடப் பெரிதாக அழுவாள், பிறகு சொன்னவள்தான் எழுந்துபோய்க் காப்பி போட்டுக்கொடுத்து அவளைத் தேற்ற வேண்டும். புருஷன் இறந்த பிறகு செண்பகவடிவுக்கு இதுதான் பெரிய கஷ்டமாக இருந்தது. ஆஸ்பத்திரியில் பழக்கமான ஒரு நர்சம்மா, "ஏசுசாமிகிட்ட பேசிப் பாருங்கக்கா, அப்பாயின்ட்மென்ட் எல்லாம் வேண்டாம்" என்று எப்போதோ சொல்லியிருந்தாள். மத்தியானம் ஆவுடை சாப்பிடப் போன ஒரு மணி நேரத்தில் செண்பகவடிவு சும்மா பேசிப் பார்த்தாள். அவர் அழவில்லை, நடுவில் பேசவில்லை, எல்லாம் விதிம்மா என்று சொல்லவில்லை, முழுக்கக் கேட்டார். மறுநாளும் பேசினாள். மூன்றாம் நாள் அவளை முந்திக்கொண்டு அவர் வந்திருந்த மாதிரி இருந்தது. குரல் என்று எதுவும் கேட்காது. எதிரே உட்கார்ந்து பழகிய ஆள் அடுத்து என்ன சொல்லும் என்று நமக்குத் தெரியுமல்லவா, அப்படித் தெரியும். புருஷனைப் பற்றிச் சொல்லி முடித்ததும் மகளைப் பற்றி, மருமகனின் கோபத்தைப் பற்றி, இலைக்கட்டில் பாதி அழுகலாக இருப்பதைப் பற்றி என்று பேச்சு நீண்டது. டவுனில் ஜெபசிங் போதகரின் சின்னக் கோயிலுக்குப் போகத் தொடங்கினாள். பீடி சுற்றுவது பாவமா என்று போதகரிடம் கேட்டாள். யோசித்துச் சொல்கிறேன் என்றவர் இன்று வரை யோசித்துக்கொண்டிருக்கிறார்.

இரண்டு வருஷம் கழித்து, ஆவணி மாதத்தில், ஞானஸ்நானம் எடுத்துக்கொள்வது என்று முடிவு செய்தாள். அப்போது, மத்தியானப் பேச்சுக்கு நடுவில், ஏசுசாமி ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"ஆவுடைகிட்ட சொன்னியா?"

செண்பகவடிவு நூல் கண்டைத் தேடுகிறவள் போல முறத்துக்கு அடியில் குனிந்துகொண்டாள். மறுபடியும் அவர் கேட்கவில்லை. சொன்னால் ஆவுடை அழுவாள், கத்துவாள், தெரு கூடும், எதற்கு வம்பு என்று நினைத்து, பல்வலி, டவுனுக்குப் போய்க் காட்டிவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் புறப்பட்டாள். பஸ்ஸுக்கு நின்றவளிடம் ஆவுடை ஓடிவந்து கைநிறையக் கிராம்பைக் கொடுத்து, ஒன்றை அவள் வாயிலேயே திணித்து, "கடவாய்ல அடக்கிக்கிட்டே போ" என்றாள். தண்ணீருக்குள் முங்கி எழுந்தபோதும் செண்பகவடிவின் கடவாயில் அந்தக் கிராம்பு காரமாக இருந்தது. ஈரத்தலையோடு அவள் பஸ்ஸில் திரும்பியதைப் பார்த்த பூக்காரி, ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால் ஊருக்கே சொல்லிவிட்டாள். ஆவுடைக்குக் குழாயடியில், குடம் பாதி நிறைந்திருக்கும்போது, வேறு ஆள் வாயால் விஷயம் தெரிந்தது.

மறுநாள் சாக்கு காலியாகக் கிடந்தது. அதற்கு மறுநாளும். பத்து நாள் பார்த்துவிட்டு செண்பகவடிவு ஏசுசாமியிடம், "நின்னுக்கிட்டே கேக்கீரே, அந்தச் சாக்குல உக்காரும்" என்றாள். "ஆனா அது ஆவுடை இடம் பாத்துக்கிடும். அவ வந்தா விட்டுக் குடுத்துரணும்." அவர் உட்கார்ந்தார். போதகரிடம் அவள் இதைச் சொல்லவில்லை, கடவுளைச் சாக்கில் உட்கார வைத்தது தெரிந்தால் அவர் இன்னொரு மூன்று வருஷம் யோசிக்க வேண்டியிருக்கும்.

ஊர் அவளை ஒன்றும் பெரிதாகச் செய்துவிடவில்லை, சின்னச் சின்னதாகத்தான் செய்தது. கல்யாணப் பத்திரிகைகள் அவள் வீட்டைத் தாண்டிப் போயின. குழாயடியில் அவள் முறை வரும்போது யாருக்காவது அவசரமாகத் தண்ணீர் தேவைப்பட்டது. எல்லாவற்றையும்விட அவளுக்கு வலித்தது வரிசைக்கல் விஷயம்.

வரிசைக்கல் என்றால், ரேஷன் கடையில் ஆளுக்குப் பதிலாக நிற்கிற கல். கடை எப்போது திறக்கும் என்று கடைக்காரருக்கே தெரியாத ஊரில், பீடி சுற்றுகிற பெண்கள் அரைநாள் வெயிலில் நின்றால் அன்றைய வேலை போச்சு. அதனால் வீட்டுக்கு ஒரு கல், ஒரு கைப்பிடி அளவில், கார்டின் கடைசி மூன்று எண்ணை நீல பெயிண்டில் எழுதி, கடை வாசலில் குவித்து வைத்திருந்தார்கள். சரக்கு வந்தால் முதலில் கற்கள் வரிசையில் நிற்கும், ஆட்கள் பிறகு வந்து தங்கள் தங்கள் கல்லுக்குப் பின்னால் சேர்ந்துகொள்வார்கள். அந்த ஊரில் ஒருவர் கல்லை ஒருவர் நகர்த்துவது கழுத்தில் கை வைத்து ஆளைத் தள்ளுவதற்குச் சமம். செண்பகவடிவின் 131 எப்போதும் ஆவுடையின் 114-க்குப் பக்கத்தில் நிற்கும். ஆவணிக்குப் பிறகு அது ஒவ்வொரு முறையும் கடைசியில், சாக்கடை ஓரத்தில் கிடந்தது. அவள் ஒன்றும் சொல்லாமல் அதற்குப் பின்னால் போய் நின்றாள். சண்டை போட்டிருந்தால் ஊருக்கு ஆறியிருக்கும். அவள் நின்ற அமைதியைத்தான் யாராலும் பொறுக்க முடியவில்லை.

சித்திரையில் அம்மன் கோயில் கொடைத் திருவிழா வந்தது. வில்லுப்பாட்டு உச்சத்துக்குப் போன நேரம் பார்த்து ஜெனரேட்டர் நின்றது. சரிசெய்தார்கள், மறுபடி நின்றது, மூன்று முறை நின்றது. ஜெனரேட்டர் சுடலைமணியுடையது, அதற்குப் பதினெட்டு வயது, போன கொடையிலும் அது நின்றது என்பதை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. ஊர்த்தலைவர் கோமதிநாயகம் மறுநாள் டீக்கடையில், "அவ உள்ள உக்காந்து என்னத்தையோ முணுமுணுக்கா, இங்க ஜெனரேட்டர் நிக்கி. இதுக்கு மேல என்னலே வேணும்?" என்றார். உண்மையில் செண்பகவடிவு அன்று முணுமுணுத்தது, ஜெனரேட்டர் நிற்காமல் ஓட வேண்டும் என்றுதான். அவளுக்கு வில்லுப்பாட்டு உயிர்.

நாலரை மணிக்கு, டீ குடித்துவிட்டு, கூட்டம் புறப்பட்டது. பாதி வழி வந்த பிறகுதான் கல் இல்லை என்பது தெரிந்தது. தெரு முழுக்கப் புது சிமெண்ட், வழித்து நக்கினாலும் ஒரு சரளைக்கல் கிடைக்காது. கோபம் ஆறிவிடுமோ என்ற பயத்தில், கண்ணில் பட்ட ரேஷன் கடைக் குவியலிலிருந்து ஆளுக்கொன்றாகக் கைக்கு வந்ததை எடுத்துக்கொண்டார்கள். ஊரே தன் கார்டு எண்களைக் கையில் வைத்துக்கொண்டு கல்லெறியப் போனது.

செண்பகவடிவு சத்தம் கேட்டுக் கதவைச் சாத்தினாள். எல்லோரும் பயப்படுகிற மாதிரிதான் அவளும் பயந்தாள், முறத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மூலையில் ஒடுங்கினாள். ஜன்னல் வழியாகக் கூட்டத்தின் பின்னால் ஒரு பாக்குநிறச் சேலை தெரிந்தது. அது ஆவுடையின் சேலை, போன தீபாவளிக்கு முந்தின தீபாவளிக்கு இருவரும் சேர்ந்து எடுத்தது. அந்தச் சேலைக்குள்ளிருந்து கை உயருமா என்று பார்க்கத் தைரியமில்லாமல் கண்ணை மூடிக்கொண்டாள். "மத்த அத்தனை பேரும் எறியட்டும், தாங்கிக்கிடுதேன்" என்று அவரிடம் சொன்னாள், "அவ மட்டும் எறிஞ்சிரக் கூடாது."

கற்கள் போயின. ஓடு உடைகிற சத்தம் வரவில்லை. குறி தப்பிவிட்டது என்று நினைத்து அடுத்த ஆள் எறிந்தார், அதற்கும் சத்தமில்லை. கையிலிருந்தது எல்லாம் தீர்ந்த பிறகுதான் ஒவ்வொருவராக அண்ணாந்து பார்த்தார்கள். கற்கள் எல்லாம் மேலே நின்றுகொண்டிருந்தன. விழும் என்று கொஞ்ச நேரம் காத்திருந்தார்கள். விழவில்லை, டிவியில் சீரியலுக்கு நேரமாகிவிட்டது, கலைந்து போனார்கள். செண்பகவடிவு வெளியே வந்து பார்த்துவிட்டு, "இது என்ன வேலை?" என்று கேட்டாள். அவர் தான் ஒன்றும் அறியாதவர் போலச் சாக்கில் உட்கார்ந்திருந்தார்.

முதல் இரண்டு நாள் தெரு கொஞ்சம் ஒதுங்கி நடந்தது. மூன்றாம் நாள் காகங்கள் உட்கார்ந்து பார்த்தன, கற்கள் அசையவில்லை, அதனால் மனிதர்களுக்கும் தைரியம் வந்தது. சித்திரை வெயிலில் மரமில்லாத தெருவில் நாற்பத்து மூன்று கல் நிழல் என்பது லேசுப்பட்ட விஷயமில்லை. ஷேர் ஆட்டோக்கள் அங்கே நிற்க ஆரம்பித்தன. மோர் விற்கிறவள் கடையை அங்கே மாற்றினாள். பக்கத்து ஊரிலிருந்து பார்க்க வந்தவர்கள், "இவ்வளவுதானா, நாங்க பெரிய கல்லா இருக்கும்னு நினைச்சோம்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள், அது மேலப்பூவாணிக்காரர்களுக்கு அவமானமாக இருந்தது.

ஜெபசிங் போதகர் வந்து நெடுநேரம் அண்ணாந்து பார்த்துவிட்டு, மூன்று நாள் சிறப்புக் கூட்டம் போடலாம், ஊர் ஊராகப் போஸ்டர் ஒட்டலாம் என்றார்.

"வேண்டாம் ஐயா," என்றாள் செண்பகவடிவு. "அவரு ஏதோ எனக்காகச் செஞ்சிட்டாரு. போஸ்டர் அடிச்சா கூச்சப்படுவாரு."

அவர் கூச்சப்படுவார் என்பதை எந்த இறையியல் பள்ளியிலும் போதகருக்குச் சொல்லித்தரவில்லை. மோர் குடித்துவிட்டுப் பஸ் ஏறினார்.

பிறகுதான் பாமாயில் வந்தது. இரண்டு மாதம் வராதது, லாரியில் வந்து இறங்கியது. வரிசையில் நிறுத்தக் கல் இல்லை. புதிதாகக் கல் கொண்டுவந்து பார்த்தார்கள். ஒரே எண்ணில் மூன்று கல் முளைத்தது, இரண்டு மண்டை உடைந்தது, பழைய கல் இல்லாமல் பட்டுவாடா கிடையாது என்று கடைக்காரர் ஷட்டரை இறக்கினார். தொரட்டியால் இழுத்துப் பார்த்தார்கள், தென்னை ஏறுகிறவரைக் கொண்டு கயிறு கட்டி இழுத்தார்கள், கயிறுதான் அறுந்தது. கடைசியில், தங்கள் கற்களை ஒரு பெண் திருப்பித் தராமல் வைத்திருக்கிறாள் என்று ஊரே கையெழுத்துப் போட்டு ஸ்டேஷனில் மனு கொடுத்தது.

சப்-இன்ஸ்பெக்டர் வந்தார். மனுவைப் படித்தார், மேலே பார்த்தார், மறுபடி மனுவைப் படித்தார்.

"இது உங்க கல்லா?"

"ஆமாய்யா," என்றார் கோமதிநாயகம். "நம்பர் போட்டிருக்கு பாருங்க."

"இந்தம்மா வீட்டு மேல எப்படிப் போச்சு?"

ஆட்டோக்காரர் ஒருவர் ஆட்டோவைத் துடைக்க ஆரம்பித்தார். சப்-இன்ஸ்பெக்டர் நிழலில் ஐந்து நிமிஷம் நின்றுவிட்டு, கல் கீழே வந்ததும் தகவல் சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார்.

முதலில் மனசு உறுத்தியது சுடலைமணிக்கு. அவருக்குத்தானே தெரியும் தன் ஜெனரேட்டரின் வயது. ஒருநாள் பதினொரு மணிக்கு வாசலில் வந்து நின்று, துண்டைக் கையில் சுருட்டிக்கொண்டு, "ஏ மைனி, நானும் எறிஞ்சேன். ஜெனரேட்டர் கார்புரேட்டர்லதான் கோளாறு" என்றார்.

"தெரியும் கொழுந்தனாரே," என்றாள் செண்பகவடிவு. "உள்ள வாரும், காப்பி குடியும்."

அவர் கருப்பட்டிக் காப்பியைக் குடித்துவிட்டு வெளியே வந்து நின்றதும், மேலேயிருந்து ஒரு கல், கூரையில் ஏறிய கோழி இறங்கி வருகிற மாதிரி தயங்கித் தயங்கி இறங்கி அவர் கையில் உட்கார்ந்தது. பார்த்தால் 207. அது சுடலைமணியின் எண் இல்லை, ஊர்த்தலைவர் கோமதிநாயகத்தின் எண். அப்போதுதான் எல்லோருக்கும் விஷயம் புரிந்தது: கல் யாருடையது என்பது கணக்கில்லை, எறிந்தவர் கைக்குத்தான் அது வரும்.

கோமதிநாயகம், "பாத்தியளா, என் கல்லை எறிஞ்சது அவன். நான் கையைத் தூக்கவே இல்லை" என்று இரண்டு நாள் தலை நிமிர்ந்து நடந்தார். மூன்றாம் நாள் குடையைப் பிடித்துக்கொண்டு, குழாய்வரி ரசீது சம்பந்தமாக வந்தவர் போல வந்தார். காப்பியைக் குடித்து முடித்து, ரசீதைப் பற்றி ஒன்றும் கேட்காமல் வெளியே வந்தபோது, 88 என்று எழுதிய கல் குடைமேல் வந்து டொக்கென்று தட்டியது.

அதற்குப் பிறகு தினமும் ஆள் வந்தது. வருவது, சொல்வது, காப்பி குடிப்பது, கல்லை வாங்கிக்கொள்வது என்று ஒரு முறையை ஊர் தானாகவே வைத்துக்கொண்டது. காப்பி குடிக்காமல் கல்லை மட்டும் வாங்கிப் போவது மரியாதையில்லை என்றும் ஆயிற்று. எண் மாறி வந்த கற்களை உரியவர்களிடம் கொடுக்க வீடு வீடாகப் போக வேண்டியிருந்தது, வரப்புத் தகராறில் ஏழு வருஷம் பேசாத இரண்டு வீட்டுக்காரர்கள் ஒருவர் கல்லை ஒருவர் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்று திருதிருவென்று விழித்தார்கள். செண்பகவடிவு எல்லோரையும் மன்னித்தாள். முதலில் அது அவளுக்குச் சிரமமாக இருந்தது, பத்தாவது ஆளுக்குப் பழகிவிட்டது, இருபதாவது ஆளுக்குப் பிடித்துவிட்டது. முப்பதாவது ஆள் வரும்போது, தாசில்தார் ஆபீசில் கையெழுத்துப் போடுகிறவர்கள் தலையை நிமிர்த்தாமல் இருப்பார்களே, அப்படி முறத்திலிருந்து கண்ணை எடுக்காமலே, "சரி சரி, மனசுல வச்சுக்கிடல. போய்ட்டு வாரும்" என்று சொல்லப் பழகியிருந்தாள். சாக்கில் இருந்தவர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் சிரிக்கிறாரோ என்று அவளுக்கு ஒரு சந்தேகம் வந்தது, ஆனால் ஆட்கள் காத்திருந்தார்கள், கேட்க நேரமில்லை.

இறங்கிய ஒவ்வொரு கல்லிலும் அவள் எண்ணைப் பார்த்தாள். 114 ஒரு கொத்தனார் கைக்கு வந்தபோது நெஞ்சு லேசாயிற்று, எண்ணுக்கு அர்த்தமில்லை என்று உடனே நினைவு வந்து மறுபடி கனத்தது. ஆனி பிறந்தபோது நாற்பத்திரண்டு கற்கள் இறங்கிவிட்டன. ஒரே ஒரு கல், எழுத்துப் பக்கம் மேலே பார்க்க, முற்றத்துக்கு நேராக நின்றது. ஊரில் எல்லோரும் வந்து போய்விட்டார்கள். வராதவள் ஒருத்திதான். அவள் எறிந்தாளா என்ற கேள்வி அதோடு முடிந்தது.

செண்பகவடிவு அன்று மத்தியானம் சாப்பிடவில்லை. எதிரிகளுக்காக ஜெபம் பண்ண வேண்டும் என்று போதகர் சொல்லியிருந்ததை அவள் நாற்பத்திரண்டு பேருக்கும் பெயர் சொல்லிச் செய்திருந்தாள்; ஆவுடையின் பெயர் வந்ததும் நாக்கு நின்றுவிட்டது. எதிரி என்று நினைத்தால்தானே எதிரிக்குச் செய்கிற ஜெபத்தைச் செய்ய முடியும். "அவ எறிஞ்சிட்டாளே," என்று அவரிடம் சொல்லி, புருஷன் செத்த அன்றைக்குக்கூட அழாத அழுகையாக அழுதாள். அவர் முழுக்கக் கேட்டார். ஆறுதல் சொல்வார் என்று எதிர்பார்த்தாள், அவர் பேசாமல் இருந்தார். அது அவளுக்குக் கோபத்தை உண்டாக்கியது. "வரட்டும்," என்றாள். ஆவுடை வந்து நிற்கும்போது சொல்ல வேண்டியதை யோசித்து வைக்க ஆரம்பித்தாள். நான் உன்னை மன்னிச்சிட்டேன் ஆவுடை, இருபத்திரண்டு வருஷத்தை நினைச்சு மன்னிச்சிட்டேன். சொல்லிப் பார்த்தாள், நன்றாக இருந்தது. கருப்பட்டியில் நல்லதாக ஒரு வட்டை எடுத்துத் தனியே வைத்தாள்.

ஆவுடை ஒரு செவ்வாய்க்கிழமை பத்தரை மணிக்கு வந்தாள். முறத்தோடு வந்தாள், ஏனென்றால் அன்றைய பீடி அன்றைக்கு முடிய வேண்டும். தெரு முழுக்க ஒரே நேரத்தில் வாசல் பெருக்க வேண்டியிருந்தது, கோமதிநாயகத்துக்கு அந்தப் பக்கம் குடையோடு வேலை இருந்தது. ஆவுடை உள்ளே வரவில்லை, முற்றத்தில் அந்தக் கல்லுக்கு நேர்கீழே நின்று, யாரையும் பார்க்காமல், "நான் எறிஞ்சேன்" என்றாள். முறத்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு இரண்டு கையையும் மேலே நீட்டினாள்.

கல் வரவில்லை.

செண்பகவடிவு யோசித்து வைத்திருந்ததைச் சொன்னாள், ஒரு சொல் விடாமல் சொன்னாள். கல் அசையக்கூட இல்லை. ஆவுடை நீட்டிய கையை இறக்கவில்லை, முகம் செத்துப்போயிற்று. பெருக்கிக்கொண்டிருந்தவர்கள் பெருக்குவதை விட்டுவிட்டார்கள். நாற்பத்திரண்டு பேருக்கு இறங்கிய கல் தனக்கு மட்டும் இறங்காவிட்டால் இந்தத் தெருவில் எப்படி நடமாடுவது என்று அவள் நினைப்பது செண்பகவடிவுக்குத் தெரிந்தது.

"இறக்கி விடும்," என்று செண்பகவடிவு சாக்குப் பக்கம் திரும்பிச் சீறினாள். "ஊர் முன்னால அவளை நிறுத்தி வைக்கீரே."

அப்போது அவர், "ஆவுடைகிட்ட சொன்னியா?" என்று கேட்டார். பத்து மாதத்துக்கு முன்னால் கேட்ட அதே கேள்வியை, அதே மாதிரி, கோபமில்லாமல் கேட்டார். குனிந்து தேடுவதற்கு இந்த முறை நூல் கண்டு கைக்குப் பக்கத்திலேயே இருந்தது.

செண்பகவடிவு முறத்தை மடியிலிருந்து எடுத்துக் கீழே வைத்தாள். தூள் சிந்தியது, அவள் பார்க்கவில்லை. முற்றத்தில் இறங்கி ஆவுடையின் எதிரே போய் நின்றாள். யோசித்து வைத்தது ஒன்றும் கைகொடுக்கவில்லை.

"எனக்குப் பல்லு வலிக்கலட்டி," என்றாள்.

ஆவுடை கையை இறக்காமலே அவளைப் பார்த்தாள். பத்து மாதத்தில் முதன்முறையாகப் பார்த்தாள்.

"பொய் சொல்லிட்டுப் போனேன். நீ அழுவேன்னு சொல்லல. இல்ல, அதுவும் பொய். எனக்குன்னு தனியா ஒண்ணு இருக்கட்டும்னுதான் சொல்லல. நீ குடுத்த கிராம்பு முங்கி எந்திரிக்கும்போதும் வாய்க்குள்ளதான் கிடந்துச்சு. என்னை மன்னிச்சிரு."

"ஓடி வந்து குடுத்தேனேட்டி," என்றாள் ஆவுடை. "செருப்புக்கூடப் போடாம ஓடி வந்தேன். கொழாயடியில பூக்காரி சொல்லுதா, அத்தனை பேரும் என் மூஞ்சியைப் பாக்காவ, ஒனக்குத் தெரியாதாங்காவ. நீ எந்தச் சாமியையும் கும்பிட்டுக்கோ, நான் கேட்டேனா? எங்கிட்ட சொல்லிட்டுப் போயிருக்கலாம்லா. இருபத்திரண்டு வருசமா எதுக்க உக்காந்த நான் யாரு, நேத்து வந்த அவரு யாரு?"

கல் இறங்கியது. கோழி மாதிரி தயங்கவில்லை, நேராக வந்தது. ஆவுடையின் கைக்கும் அதைப் பிடிக்க நீண்ட செண்பகவடிவின் கைக்கும் நடுவில் வந்து இரண்டு பேர் விரலையும் நசுக்கிக்கொண்டு உட்கார்ந்தது. நீல பெயிண்டில் 131 என்று எழுதியிருந்தது.

"என் கல்லையா எறிஞ்சே?"

"குவியல்ல தேடித்தான் எடுத்தேன்," என்றாள் ஆவுடை. "வேற யார் கல்லும் என் கைக்குச் சரிப்படல."

தெருவில் துடைப்பச் சத்தம் மறுபடி ஆரம்பித்தது. செண்பகவடிவு உள்ளே போய்த் தனியே வைத்திருந்த கருப்பட்டியை உடைத்தாள், உடைக்கும்போது அழுதாள். எதிர்பார்த்தபடியே ஆவுடை அவளைவிடப் பெரிதாக அழுதாள், அதனால் காப்பியை இவள்தான் போட வேண்டியிருந்தது. ஆவுடை மூக்கைத் துடைத்துக்கொண்டு, முறத்தை எடுத்துக்கொண்டு, தன் இடத்துக்கு வந்து சாக்கைப் பார்த்து நின்றாள். நாலாக மடித்த சாக்கு, யாரோ இத்தனை மாதமாக உட்கார்ந்த மாதிரி நடுவில் அமுங்கியிருந்தது.

"இதுல யாரு உக்காந்திருக்கா?"

"அவருதான்."

"இப்பவுமா?"

"ஆமா."

ஆவுடை முறத்தை ஒரு இடுப்பிலிருந்து மறு இடுப்புக்கு மாற்றினாள். ஆட்டை ஏசியவள் என்ன ஏசப் போகிறாளோ என்று செண்பகவடிவு பயந்துகொண்டிருந்தாள்.

"கொஞ்சம் தள்ளி உக்காரச் சொல்லு," என்றாள் ஆவுடை. "அவரைக் கிளப்பி விட்டுட்டு எனக்கு என்னத்துக்கு ஒரு பாவம்."

சாக்கின் ஒரு பாதி மெல்ல நிமிர்ந்தது. அந்தப் பாதியில் உட்கார்ந்து, முறத்தை மடியில் வைத்து, இலையை எடுத்து வெட்டத் தொடங்கிய ஆவுடை, நாலு பீடி சுற்றி முடித்த பிறகு, பக்கத்தில் இருந்த வெற்றிடத்தைப் பார்த்துத் தணிந்த குரலில் கேட்டாள்.

"உம்மகிட்டயாவது இவ பல்லு வலிக்குன்னு சொல்லாம உண்மையைப் பேசுவாளா?"

அவர் என்ன பதில் சொன்னார் என்று செண்பகவடிவுக்குக் கேட்கவில்லை. ஆவுடை சிரித்தாள்.